அஞ்சலை பேசாமல் போன கூட்டம்

சென்ற வாரம் உங்களில் ஒருவர் ஒரு மனுவின் வரைவை அனுப்பித் திருத்தித் தரச் சொல்லியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். 'பொதுமக்கள் சார்பில்' என்று தொடங்கும் இடத்தில் மட்டும் நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். ஏன் மேடம், அதில் என்ன தப்பு என்று கேட்டார். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைப் பார்த்தால் எனக்கு ஒரு கூட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது. போனில் சொன்னால் அது வெறும் புத்திமதியாகப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். சேம்பருக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படியுங்கள்.

நான் வக்கீல் பிராக்டிஸை நிறுத்துவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இது. குப்பை, மரம், நடைபாதை, சாக்கடை என்று நகரத்து வழக்குகளாகவே பார்த்து வந்தவள் நான். என் தாத்தா மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோர்ட்டில் இங்கிலீஷ் என்று வளர்ந்த குடும்பம். அதனால் இந்த ஊரில் யாரோடும் என்னால் பேச முடியும், யாரையும் யாரோடும் பேசவைக்க முடியும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை.

அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மெயின் ரோடு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். அந்தப் பக்கம் பழைய கன்டோன்மென்ட் காலத்துக் காலனி. காலனியில் எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். சிலர் பீன்யா ஃபேக்டரிகளில் வேலை செய்கிறார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், பெண்களில் பலர் ஐ.டி. கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங். தெரு முனையில் அம்பேத்கர் சிலை, அதற்குப் பின்னால் ஒரு சின்ன புத்த விகாரை.

அந்த ரோட்டில் முதலில் மரங்கள் காய ஆரம்பித்தன. நன்றாக இருந்த மரங்கள் வரிசையாக இலை உதிர்த்தன. வேரில் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஊற்றியது யார் என்று யாருக்கும் தெரியாது. மரங்களை வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தில் இரும்புக் கால்கள் வந்தன. கால்களுக்கு மேல் ஒரு விளம்பர ஹோர்டிங். நான்கு மாடி உயரம். அபார்ட்மென்டைப் பார்த்த பக்கத்தில் ஒளித்திரை. படுக்கையறைச் சுவர்கள் சிவப்பும் நீலமுமாக மாறிக்கொண்டே இருக்கும். காலனிக்குக் கிடைத்தது அதன் முதுகு. காற்றும் வெளிச்சமும் போயிற்று.

பிறகு ஒரு கோடை மழையில், காற்று சுழற்றி அடித்தபோது, ஹோர்டிங்கின் ஒளித்திரைக்குப் பக்கவாட்டில் இருந்த நகைக்கடை விளம்பரச் சட்டம் கழன்று காலனியின் முதல் வீட்டுக் கூரைமேல் சாய்ந்தது. அஞ்சலையின் வீடு அது. ஆள் சேதம் இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தவர், எதிரே பால்கனியிலிருந்து பார்த்த வரதராஜன் சார். அபார்ட்மென்ட் சங்கத்தின் தலைவர், ரிடையர்ட் பேங்க் அதிகாரி. அன்று காலனிக்காரர்கள் உட்கார அபார்ட்மென்டின் ஹாலைத் திறந்துவிட்டு எல்லாருக்கும் காபி போடச் சொன்னவரும் அவர்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் முதல்முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில் விளம்பரப் பலகைகளுக்கு மாநகராட்சி கொண்டுவரும் புதிய விதிகளின் வரைவு வெளியாகியிருந்தது. ஆட்சேபணை இருந்தால் எழுதி அனுப்பலாம் என்றார்கள். எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நேரில் உட்கார்ந்து கேளுங்கள், எங்கள் தெருவில் ஒரு பலகை வைப்பதற்கு முன்னால் அந்தத் தெருக்காரர்களின் கருத்தைக் கேட்பதை விதியாக்குங்கள் என்பதுதான் இவர்கள் கேட்டது. இரண்டு பக்கத்தவர்களும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

முதல் கூட்டத்தை அபார்ட்மென்ட் ஹாலில் வைத்தோம். காலனி சார்பில் பேசியவன் கௌதமன். அஞ்சலையின் தம்பி, பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். வரைவை நான் படித்து விளக்கி முடித்ததும் அவன் கை தூக்கினான்.

"மேடம், ஒரு டவுட்டு. பேனர், ஃப்ளெக்ஸ் எல்லாம் இதுல வருதா?"

வருகிறது என்றேன். தற்காலிகப் பேனர்களுக்கும் அதே வரைவில் ஒரு பிரிவு இருந்தது.

"அப்போ கண்ணீர் அஞ்சலி பேனர்?"

அபார்ட்மென்ட்காரர் ஒருவர், அதெல்லாம்கூட ஊரை அசிங்கப்படுத்துவதுதானே என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார். கௌதமனுக்கு அது புரிந்தது. ஆனால் அவன் என்னைப் பார்த்தே பேசினான்.

"எங்க ஆளுங்க போட்டோ பேப்பர்ல வராது மேடம். டிவில வராது. செத்தா, அந்த மூலையில ரெண்டு நாளு நிக்கும். இன்னார் போயிட்டாரு, இத்தினி மணிக்கு எடுக்கறோம்னு ஊருக்குத் தெரியும். அவ்ளோதான். அம்பேத்கர் ஜெயந்திக்கு ஒரு பேனர். அது வேற, ஜுவல்லரிக்காரன் வெக்கற போர்டு வேற. ரெண்டையும் ஒண்ணாக்கினா நாங்க வரல."

வரதராஜன் சார்தான் பதில் சொன்னார். "நியாயம்தானேப்பா. நம்ம சண்டை வியாபார விளம்பரத்தோட. செத்தவாளோட நமக்கென்ன சண்டை?"

அதோடு முடிந்தது. மனுவில் 'வணிக விளம்பரங்கள்' என்ற சொல்லைத் தெளிவாகப் போட்டோம். தனிநபர்களின் இரங்கல் பேனர்கள், விழாப் பேனர்கள் எங்கள் ஆட்சேபணையில் அடங்காது என்று தனியாக ஒரு பத்தியும் சேர்த்தேன். இரண்டு பக்கத்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நான் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

பொது விசாரணை நடத்தச் சம்மதிக்கவைக்கப் பல தடவை நடந்தோம். அதை விவரிக்க வேண்டாம். நீங்களும் நடக்கத்தான் போகிறீர்கள். கடைசியில் ஒரு மூத்த அதிகாரி ஒப்புக்கொண்டார். அப்போது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இரண்டு தரப்பிலும் வக்கீல்கள் பேசக் கூடாது. ஹோர்டிங் கம்பெனிகள் பெரிய பெரிய சீனியர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், ஜனங்கள் வாயைத் திறக்கவே முடியாது என்பது என் பயம். இது ஜனங்களின் குரலைக் கேட்கிற கூட்டம், ஜனங்களே பேசட்டும் என்றேன். அதிகாரிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வக்கீல் இல்லாத கூட்டம் யாருக்குத்தான் பிடிக்காது?

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர். எங்கள் தரப்பில் வரதராஜன் சார் முதலில், அஞ்சலை இரண்டாவது. கௌதமன் பேசுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன்தான், "கூரை அக்கா வூட்டுது. அக்கா பேசட்டும்" என்றான்.

அஞ்சலைக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மெலிந்த உடம்பு, கனமான குரல். கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் ஆபீசுக்கு வந்தார். பேசிப் பழகுவதற்கு.

"உட்கார்ந்தே சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"உக்காந்து சொன்னா வாய்ல வராது மேடம். நின்னாதான் வரும்" என்று எழுந்து, என் மேஜைக்கு எதிரே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். பிறகு ஆரம்பித்தார். அவர் சொன்னது எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது.

"என் பேரு அஞ்சலை. அந்த போர்டு என் வூட்டு மேல சாயறப்ப நான் அரிசி களைஞ்சினு இருந்தேன். இடி வுழுந்துச்சுன்னு நெனச்சேன். வெளிய வந்து பாத்தா, ஒரு பொம்பள மூஞ்சி. நகை போட்டுனு சிரிச்சினுகீது. என் கூரை மேல படுத்துனு சிரிக்குது. எனக்கு அழுகை வரல, பேஜாராப் பூடுச்சு. இந்தம்மா யாரு, எங்க வூட்டாண்ட வர யாரு சொன்னாங்க? எங்களுக்கு போர்டு வேணாம்னு நான் சொல்ல வரல. வெக்கறதுக்கு முன்ன எங்க தெருவுல வந்து ஒரு வார்த்த கேளுங்க. கேட்டா நாங்க சொல்லுவோம். வாய் இருக்குதில்ல?"

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முடிக்கறப்ப நன்றி சொல்லணுமா மேடம்?"

"சொல்றது வழக்கம்."

"இன்னாத்துக்கு? இன்னும் ஒண்ணும் குடுக்கலியே."

இரண்டு பேரும் சிரித்தோம். நன்றி வேண்டாம் என்று முடிவு செய்தோம். இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். 'வாய் இருக்குதில்ல' என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி சொன்னார். கடைசித் தடவை சொன்னதுதான் சரி, அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அஞ்சலையை நான் பழக்கினேன். எதிர்த் தரப்பு என்ன கேட்கும், அதிகாரி எங்கே குறுக்கிடுவார் என்றெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். வரதராஜன் சாரை நான் கூப்பிடவே இல்லை. படித்தவர், பேங்கில் அதிகாரியாக இருந்தவர், நூறு மீட்டிங் பார்த்தவர், அவருக்கென்ன பழக்கம் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியே எனக்குள் எழவில்லை. சாட்சிகளில் உங்களுக்கு யார்மேல் சந்தேகமே வரவில்லையோ அவரிடம்தான் முதலில் போய் உட்கார வேண்டும். நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான். மீதி நடந்த கதை.

விசாரணை ஒரு காலை வேளையில் நடந்தது. பெரிய ஹால். மேடையில் அதிகாரியும் அவருடைய உதவியாளர்களும். முன் வரிசைகளில் பல பகுதிகளிலிருந்து வந்த குடியிருப்போர் சங்கத்தார். ஒரு பக்கம் முழுக்க ஹோர்டிங் தொழில் செய்பவர்கள். பின்னால் எங்கள் காலனிக்காரர்கள். அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, நல்ல துணி உடுத்திக்கொண்டு, நான் எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். அஞ்சலை கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்; முடிந்ததும் ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

ஹோர்டிங் தரப்பில் முதலில் பேசியவர் ஒரு கம்பெனியின் சொந்தக்காரர். வக்கீல் இல்லை, ஆனால் எந்த வக்கீலும் அவரிடம் பாடம் கற்கலாம். மிகவும் பணிவாகப் பேசினார். குடியிருப்போரின் கவலை எங்களுக்கும் உண்டு என்றார். நாங்கள் அனுமதி வாங்கி, வரி கட்டி, முறையாகத் தொழில் செய்கிறவர்கள் என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி எங்கள் முன் வரிசையைப் பார்த்தார். "இந்த நகரத்தை உண்மையில் கெடுப்பது எது? பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், சாவு ஃப்ளெக்ஸ், திருவிழா ஃப்ளெக்ஸ். அனுமதி கிடையாது, வரி கிடையாது. எங்களை எதிர்க்கும் பெரியவர்கள் அதையும் எதிர்க்கிறார்களா? இல்லை, அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

அடுத்து வரதராஜன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைச் சரிசெய்துகொள்வதற்குள் அதிகாரி கேட்டுவிட்டார். "முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுங்கள். ஃப்ளெக்ஸ் பற்றி உங்கள் கருத்து என்ன?"

மனுவில் தனியாக ஒரு பத்தி இருந்தது. அதைப் படித்திருந்தால் போதும். காகிதம் அவர் கையிலேயே இருந்தது. ஆனால் பாரபட்சம் பார்ப்பவர் என்று சபையில் ஒருவர் சொல்லிவிட்டது அவரைத் தைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க விதி எல்லாருக்கும் ஒன்று என்று வேலை செய்த மனிதர்.

"நாங்க பாரபட்சம் பார்க்கறவா இல்லை சார்" என்று தமிழில் ஆரம்பித்து, சட்டென்று கன்னடத்துக்கு மாறினார். "விதி என்றால் எல்லாருக்கும் விதி. போகணும் என்றால் எல்லாம் போகணும். பிறந்தநாள் பேனர், சாவுப் பேனர் எல்லாம்தான்."

முன் வரிசைகளில் கைதட்டல். பெரிய கைதட்டல். அவருடைய முகம் மலர்ந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். கைதட்டல் ஒரு மனிதனை இன்னும் ஒரு வாக்கியம் பேசவைக்கும். அவரும் பேசினார். "காலங்கார்த்தால வாக்கிங் போறப்போ செத்தவர்களின் மூஞ்சியில்தான் முழிக்க வேண்டுமா?"

சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். "சார், இது எங்கள் மனுவில் இல்லாத..." என்று ஆரம்பித்தேன்.

அதிகாரி கையை உயர்த்தினார். கோபமில்லாமல், கொஞ்சம் குறும்பாகவே சொன்னார். "கூத்கொள்ளி மேடம். லாயர்ஸ் மாதாடங்கில்ல. நீவே ஹேளித்து."

உட்காருங்கள், வக்கீல்கள் பேசக் கூடாது, நீங்கள் சொன்னதுதானே. மறுபடியும் சிரிப்பு. நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்தில் வந்து ஒரு உதவியாளர் மிகவும் மரியாதையாக நாற்காலியைக் காட்டினார்.

வரதராஜன் சார் மீதி நேரத்தில் ஒளித்திரையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் நன்றாகவே பேசினார். முடித்ததும் அஞ்சலையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை எழுந்தார். மைக்குக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அந்தக் குரலை இவர்கள் கேட்டுவிட்டால் போதும் என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அவர் நடுவழிக்கு வந்தார், ஒரு நிமிஷம் மேடையைப் பார்த்தார். பிறகு திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். கௌதமன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்கு அடுத்த வரிசை. யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. நாற்காலிகள் நகர்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "நெக்ஸ்ட்" என்றார் அதிகாரி.

நான் வெளியே ஓடினேன். படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"அஞ்சலை, உள்ளே வாங்க. இன்னும் நேரம் இருக்கு. நீங்க பேசினா மாத்திடலாம்."

"இன்னா மேடம் பேசறது?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "எங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னு சொல்ட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப நான் போய் மூஞ்சியக் காட்டிப் பேசணுமா?"

"அவர் வேணும்னு சொல்லலை. உங்க கூரைமேல போர்டு விழுந்தப்போ..."

"தெரியும். காபி குடுத்தாரு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க நல்லவங்கதான். வுடுங்க. எனக்கு ஷிஃப்டுக்கு டைம் ஆவுது."

பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். கௌதமன் என்னைப் பார்க்காமலே அவர் பின்னால் போனான்.

அன்று மாலையே வரதராஜன் சாரிடம் பேசினேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "அவாளை நான் எங்கம்மா சொன்னேன்? பொதுவாச் சொன்னேன். காலனியில ஒருத்தரையும் நினைச்சுண்டு சொல்லலை" என்றார். நினைக்கவில்லை என்பதுதான் சார் பிரச்சினை என்றேன். பிறகு, "நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா?" என்றார். கேளுங்கள் என்றேன். போனார் என்றும் சொன்னார்கள், தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார் என்றும் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. எழுத்து மூலம் ஒரு விளக்கம் தாக்கல் செய்தேன்; அவரும் கையெழுத்துப் போட்டார். அது கிடைத்ததாக ஒரு ரசீது வந்தது.

சில மாதங்களில் விதிகள் வெளியாயின. அகலமான ரோடுகளில் அனுமதி பெற்ற ஹோர்டிங்குகள் இருக்கலாம். ஒளித்திரைகளை இரவில் அணைத்துவிட வேண்டும். தெருக்காரர்கள் கருத்துச் சொல்ல விரும்பினால் இணையதளத்தில் பதிவு செய்யலாம். தற்காலிகப் பேனர்கள் எந்தக் காரணத்துக்காகவும் எந்தக் கம்பத்திலும் கட்டக் கூடாது. 'பொது விசாரணையில் பொதுமக்கள் ஒருமித்துக் கேட்டுக்கொண்டபடி' என்று அதற்குக் காரணமும் போட்டிருந்தார்கள். ஒருமித்து என்ற அந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அபார்ட்மென்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். எனக்கு ஒரு பூங்கொத்து வந்தது. காலனிப் பக்கம் ஹோர்டிங்கின் கால்களைக் கான்கிரீட் போட்டு உறுதிப்படுத்தினார்கள். அது அப்படியே நின்றது.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று கௌதமனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு பக்கத்தவர்களும் சேர்ந்து வந்தபோது அந்த வழக்குக்கு இருந்த பலம் இனி வராது என்பது எனக்கும் தெரியும். விரிசல் விட்டது தெரிந்தவுடனே நான் காலனிக்குப் போயிருக்க வேண்டும், ஆள் அனுப்பியிருக்கக் கூடாது. போகலாம், போகலாம் என்று இருந்தேன். மறுபடியும் அந்தக் காலனிக்குள் நான் போனது அஞ்சலையின் சாவுக்குத்தான்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் திரும்பி வரும்போது நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஃப்ளைஓவர் டிராஃபிக்கில் வண்டி நின்றுகொண்டிருந்தபோதே போய்விட்டார். மறுநாள் காலை கௌதமனே எனக்குப் போன் செய்தான். "மேடம், அக்கா பூட்டாங்க. மத்தியானம் எடுக்கறோம்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு கேக்கணும் உங்கள. பேனர் கட்டக் கூடாதுன்றாங்க. எங்க ஆளு செத்துட்டாங்கன்னு இப்ப ஊருக்கு எப்படி மேடம் சொல்றது?"

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பிக்கொண்டிருக்கும்போது வரதராஜன் சாரும் போன் செய்தார். பால்கனியிலிருந்து கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். "நான் வரலாமாம்மா?" என்று கேட்டார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது. என்னைக் கேட்காதீர்கள் சார், கௌதமனைக் கேளுங்கள் என்று அவனுடைய நம்பரைக் கொடுத்தேன். கேட்டாரா என்று தெரியாது. அவர் வரவில்லை.

நான் போனபோது தெரு முனையில், அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்தில், அஞ்சலையின் ஃப்ளெக்ஸ் இருந்தது. 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே எழுத்து. கீழே அவருடைய படம், கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது, கொஞ்சம் கலங்கலாக. அடக்கம் எத்தனை மணிக்கு என்று கீழே ஒரு வரி. ஆனால் அது எதிலும் கட்டப்பட்டிருக்கவில்லை. இந்த முனையை ஒரு ஆளும் அந்த முனையை ஒரு ஆளும் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை வலித்தால் அடுத்த இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து இப்படித்தான் என்றார்கள்.

நான் அங்கே நிற்கும்போதே பேனர் அகற்றும் வண்டி வந்தது. சூப்பர்வைசர் இறங்கினார். அவரும் தமிழர்தான், சின்ன வயது. ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த ஆட்களைப் பார்த்தார்.

"அண்ணா, இது கூடாது" என்றார்.

கௌதமன் முன்னால் வந்தான். "கம்பத்துல கட்டல சார். மரத்துல கட்டல. கையில புடிச்சினுகீறோம். எங்க தெருவுல நாங்க நிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதா?"

சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்தார். என்னுடைய தோரணையில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "மேடம் நீங்க...?"

"லாயர்" என்றேன். "அப்படி ஒரு விதி இல்லை."

அந்த விவகாரம் முழுவதிலும் நான் பேசி ஒருவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டினார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

கௌதமன் என் பக்கம் வந்தான். நன்றி சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. "பொம்பளைங்க டர்ன் இப்ப" என்று மட்டும் சொன்னான். ஒரு முனையில் அஞ்சலையோடு வேலை பார்த்த பெண் நின்றுகொண்டாள். இன்னொரு முனை என்னிடம் வந்தது.

ஃப்ளெக்ஸ் இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சற்று நேரத்திலேயே தோள் கடுத்தது. ரோட்டில் பஸ்களிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டிப் படித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுனர் இறங்கி வந்து, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார். ஏரிப் பக்கத்திலிருந்து காற்று கிளம்பி வந்து அடித்தது. ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு என்னை ஒரு அடி முன்னால் இழுத்தது.

அந்த முனையிலிருந்த பெண் கத்தினாள். "கெட்டியாப் புடிங்க மேடம், அஞ்சலை பறந்துடுவா!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.